நாலாவது மடிப்பு

பையின் வாயை மடிப்பதற்கும் ஒரு பக்குவம் உண்டு என்பது மெக்கானிக்குக்கு அன்றுவரை தெரியாது. தையல் மெஷினுக்குள் இருக்கிற ஒவ்வொரு திருகும் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மனிதர்தான். ஆனால் தன் தலைக்கு மேலே, மொட்டை மாடியில், பெண்டாட்டி ஒரு மாதமாக என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று கேட்டால் ‘ஏதோ செடி’ என்பார். அவருக்கும் செடிக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

அன்றைக்கு அவளே அவரைக் கையைப் பிடிக்காத குறையாக மாடிக்கு இழுத்துப் போனாள். கீழே கதவோரம் அவளுடைய பெட்டி கட்டி வைத்திருந்தது. மதியம் பஸ், ஒன்பது மணி நேரப் பயணம். அவளுடைய அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், தனிக்கட்டை. கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறாள். தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். தங்கை போகாமல் வேறு யார் போவது?

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் பக்கம், பச்சை வலைக்குக் கீழே, பதினொரு வெள்ளைப் பைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு பையின் வாயையும் சட்டைக் கையைச் சுருட்டுகிற மாதிரி வெளிப்பக்கமாக நான்கு மடிப்பு மடித்து இறக்கியிருந்தாள். முழங்கால் உயரப் பை பாதியாகக் குள்ளமாகி நின்றது. அந்தப் பாதிக்குள் மண். மண்ணைத் துளைத்துக்கொண்டு பென்சில் முனை கனத்தில் பச்சைக் குருத்து.

“இப்படிப் பாதிப் பையில எதுக்கு நட்டே? முழுசா மண்ணைக் கொட்டிட்டு நட்டிருந்தா அன்னைக்கே வேலை முடிஞ்சிருக்குமே.”

“உங்களுக்கு எல்லாத்துலயும் வேலை முடியணும். இஞ்சி கீழ இறங்குற ஆள் இல்லீங்க. மேல ஏறும், பக்கத்துல பரவும். ஏற ஏற மண்ணு போட்டுக்கிட்டே வரணும். மொதல்லயே பையை ரொப்பிட்டா அப்புறம் போடுற மண்ணுக்கு இடம் எங்க இருக்கு, உங்க தலையிலயா?”

மெக்கானிக் தலையைத் தடவிக்கொண்டார். அங்கே இடம் நிறையவே இருந்தது.

“தண்டோட அடியைப் பாத்துக்கிட்டே இருங்க. ரோஸ் கலர்ல ஒரு விரல் மாதிரி எட்டிப் பாக்கும். அப்பதான் அது மண்ணு கேக்குதுன்னு அர்த்தம். இந்த டிரம்முல கலந்து வெச்சிருக்கேன், மண்ணு, எரு, தேங்கா நாரு எல்லாம். ரெண்டு விரல் கனத்துக்குப் போடுங்க. ஒரு மடிப்பைப் பிரிச்சு விடுங்க. அது கேக்குறதுக்கு முன்னாடி போடாதீங்க. கேட்டப்புறம் சும்மாவும் இருக்காதீங்க. வெயில் பட்டுச்சுன்னா பச்சையாப் போயிடும்.”

“ம்.”

“என்ன ம்? சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க.”

“ரோஸ் விரல். ரெண்டு விரல் மண்ணு. ஒரு மடிப்பு.”

“பரவால்லையே!” அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டாள். எப்போது திரும்பி வருவாய் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க நினைத்தார் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்த மாதிரிக் கேள்வி கேட்டுப் பழகாத வாய். பழகாத வாயிலிருந்து அது வேறு விதமாக வந்தது.

“நாலு மடிப்பும் பிரிஞ்சுட்டா என்ன பண்றது?”

“நாலாவது மடிப்பு பிரியறதுக்குள்ள நானே வந்துடுவேன், போங்க,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

அவளுக்கு அது போகிற போக்கில் சொன்ன பேச்சு. அவர் அதை நெஞ்சில் முடிந்து வைத்துக்கொண்டார்.

*

இரண்டு அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் கிடையாது. படிக்கட்டுக்குக் கீழே தெருவைப் பார்த்த சின்ன இடத்தில் அவருடைய பட்டறை. கீழ் வீட்டில் குடியிருப்பது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு நர்ஸ். தெருவே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். அவ்வளவுதான் அந்தக் கட்டடம்.

அவள் இருந்தபோது அந்த வீட்டில் எவ்வளவு சத்தம் இருந்தது என்பது அவள் போனபிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பாத்திரத்தோடு பேசுவாள். அடுப்போடு பேசுவாள். பால்காரரைப் பற்றி ஒரு புகார், பக்கத்துத் தெருக் கல்யாணத்தைப் பற்றி ஒரு சேதி, நடுவே பதில் வராத கேள்வி ஒன்று. பதில் வராவிட்டால் என்ன, அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள். அதையெல்லாம் அவர் மழைச் சத்தம் மாதிரி கேட்டும் கேட்காமலும் இருந்து பழகியிருந்தார். இப்போது காலையில் எழுந்தால் வீடு கப்சிப்பென்று கிடந்தது. குழாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர் விழுகிற சத்தம்தான் வீட்டில் முதல் சத்தம்.

முதல் நாள் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டார். இரண்டாவது டம்ளரைப் பார்த்துக்கொண்டே முதல் டம்ளரைக் குடித்தார். பிறகு இரண்டாவதையும் குடித்தார். வீணாக்கக் கூடாதே. மறுநாள் தண்ணீரை அளந்துதான் வைத்தார், ஆனாலும் இரண்டு டம்ளர் வந்தது. கைக்குத் தெரிந்த அளவு அதுதான்.

சோறும் முட்டையும் செய்துகொள்வார். அலுத்துப்போனால் ரொட்டி. பட்டறையில் மெஷின் வந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்குக் குறைவில்லை. வேலை முடிந்து கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துணியில் துடைத்துக்கொண்டு சாயங்காலம் மாடிக்குப் போவார். பதினொரு பையையும் குனிந்து குனிந்து பார்ப்பார். ஆறு மணிக்கு அவள் போன் வரும்.

“சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“அக்காவை இன்னைக்கு ஜன்னல் வரைக்கும் நடக்க வெச்சேன். அழுதுட்டா. அப்புறம் அவளே சிரிச்சுட்டா. வாக்கரைப் பிடிச்சிக்கிட்டு கல்யாணப் பொண்ணு மாதிரி நடக்கறா.”

“ம்.”

“நீங்க ஏதாவது சொல்லுங்களேன்.”

சொல்ல என்ன இருக்கிறது? பட்டறையில் மூன்று மெஷின் வந்தது, இரண்டு போனது. அதையா சொல்வது? யோசித்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “ஏழாவது பையில நாலாவதா ஒரு குருத்து வந்திருக்கு.”

“அப்படியா!” அந்தக் குரலில் ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், மெக்கானிக்குக்கே ஆச்சரியமாகப் போய்விட்டது. அன்றிலிருந்து போனில் பேசுவதற்கு அவரிடம் ஒரு விஷயம் இருந்தது. இஞ்சி.

ஐந்தாவது வாரம் அந்த ரோஸ் விரலைப் பார்த்தார். தண்டின் அடியில், மண்ணுக்கு வெளியே, குழந்தையின் கட்டைவிரல் நகம் அளவுக்கு எட்டிப் பார்த்தது. கூப்பிட்டுக் காட்ட யாருமில்லை. சிஸ்டரும் டியூட்டிக்குப் போயிருந்தார். தனியாக நின்று பார்த்தார். பிறகு டிரம்மைத் திறந்து, கையால் அள்ளி, இரண்டு விரலை மண்ணில் நட்டு அளந்து, பதினொரு பைக்கும் போட்டார். ஒவ்வொரு பையிலும் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டார். ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு ஒரு மணி நேரம் செய்தார்.

“ஒண்ணு பிரிச்சாச்சு. மூணு இருக்கு,” என்றார் போனில்.

“சமத்து!” என்றாள் அவள். ஐம்பத்தெட்டு வயது மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளைக்குத் தாங்கியது.

நடுவில் ஒரு மழை பெய்தது. மறுநாள் பார்த்தால் மண்ணெல்லாம் ஒரு விரல் இறங்கிக் கிடந்தது. போட்டது எங்கே போயிற்று என்று அவருக்கு விளங்கவில்லை. யாரோ ராத்திரியில் வந்து அள்ளிக்கொண்டு போன மாதிரி இருந்தது.

“எரு மக்க மக்க இறங்கத்தாங்க செய்யும். இறங்கினதை மறுபடி சரிக்கட்டுங்க. ஆனா அதுக்கு மடிப்பைப் பிரிக்காதீங்க. அது கணக்குல வராது.”

“போட்டது போட்டதுதானே? ஏன் கணக்குல வராது?”

“செடி ஏறலையே! மண்ணு இறங்குச்சு, நீங்க ஏத்தினீங்க. செடி நின்ன இடத்துலதான நிக்குது?”

இதில் தன்னை யாரோ ஏமாற்றிவிட்ட மாதிரி அவருக்கு ஒரு வருத்தம். ஒரு வாரம் திருட்டுப் போய்விட்டதே!

*

இரண்டாவது மடிப்பு பிரிந்த மறுவாரம் அவள் சொன்னாள்: “டாக்டர் இன்னும் ரெண்டு மாசம் ஆகும்ங்கறார். எலும்பு சேரறது மெதுவாத்தான் சேருமாம், வயசாச்சில்ல.”

“ம்.”

“கடையை மூடி வெச்சிருந்தோம்ல, நான் போய்த் திறந்துட்டேன். மொத நாளு பேப்பர் எந்தப் பக்கம் வெக்கிறதுன்னுகூடத் தெரியலை. இப்ப நானே மிஷினைத் திறந்து சிக்கின பேப்பரை எடுத்துடறேன். உங்க பெண்டாட்டியும் மெக்கானிக்கு ஆயிட்டா! பத்து மணிக்கு நிக்க இடம் கிடையாது. காலேஜ் பொண்ணுங்கல்லாம் அக்கா அக்கான்னு உயிரை விடுதுங்க. ஒருத்தி நேத்து தன் லவ் கதையைப் பூராச் சொல்லிட்டா, முப்பது பக்கம் ஜெராக்ஸ் எடுத்து முடிக்கறதுக்குள்ள!”

அவள் சிரித்தாள். பின்னால் அக்காவும் சிரிக்கிறது கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற சத்தம் அவர் காதில் வெகுநேரம் நின்றது. இந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகத்துக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பு அவருக்குப் பயமாக இருந்தது. அவள் திரும்பி வராமல் இருந்துவிடுவாளோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

அந்த வாரம்தான் தெருமுனை டெய்லரம்மா மெஷினில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள்.

“நூல் லூசா வருதுன்னு கொஞ்சம் டைட் பண்ணேண்ணே. இப்ப நூலே வர மாட்டேங்குது.”

மெக்கானிக் அதிலிருந்த துளியூண்டு திருகை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வாய் திறக்கிற விஷயம் உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

“எத்தனை தடவைம்மா சொல்றது? இதுக்குக் கால் திருப்புதான் கணக்கு. கால் திருப்பு, ஒரு தையல் ஓட்டிப் பாருங்க. பத்தலையா, இன்னொரு கால் திருப்பு. நீங்க என்னடான்னா ஒரேயடியா முறுக்கிட்டீங்க. மரை போச்சு. போன மரை வருமா?”

“அவசரம்ண்ணே. துணிக்கு ஆளு வந்து உக்காந்திருந்தாங்க.”

“அவசரம் உங்களுக்கு. திருகுக்கு என்ன அவசரம்?”

நன்றாகத்தான் சொன்னார். அந்த அம்மாவுக்குச் சொன்னதில் பாதியைத் தனக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை கிடையாது. காலையிலிருந்து வீட்டில் ஒரு குரல் இல்லை. பன்னிரண்டு மணிக்குச் சோற்றை வடித்துத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எதிரே இருந்த நாற்காலியின் முதுகில் அவளுடைய பழைய துண்டு ஒன்று போனபோது போட்டபடியே கிடந்தது. அதைப் பார்த்தார். சாப்பிடாமல் எழுந்து மாடிக்குப் போனார்.

இரண்டு மடிப்பு பாக்கி. நாலாவது மடிப்பு பிரியறதுக்குள்ள வந்துடுவேன் என்று சொன்னது யார்? அவள்தானே? அப்படியென்றால் மடிப்பு பிரிந்தால் வந்துதானே ஆக வேண்டும்? வேறு யாராவது இப்படி யோசித்தால் மெக்கானிக் சிரித்திருப்பார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. டிரம்மைச் சாய்த்தார். கையால் அல்ல, வாளியால் அள்ளினார். தண்டின் அடியில் ரோஸ் விரல் தெரிகிறதா என்று ஒரு பையில்கூடக் குனிந்து பார்க்கவில்லை. புதுக் குருத்துகள் மண்ணுக்குள் போயின. அடியிலைகள் போயின. மூன்றாவது மடிப்பைப் பிரித்தார், நிரப்பினார். நாலாவது மடிப்பைப் பிரித்தார், நிரப்பினார். பையின் விளிம்பு வரைக்கும் அழுத்தி, மேலே தட்டி, அடியில் ஓடி வருகிற வரைக்கும் தண்ணீர் விட்டார். பதினொரு பையும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றன. வேர்த்து வழிந்தது. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது.

ஆறு மணிக்குப் போன் வந்ததும், அவள் ஆரம்பிக்குமுன் இவரே ஆரம்பித்தார்.

“நாலு மடிப்பும் பிரிச்சாச்சு.”

“அதுக்குள்ளயா?”

“ம். நல்ல வளர்ச்சி.”

மெக்கானிக் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். இப்போது சொல்வாள். அடுத்த வாரம் என்பாள், இல்லை அதற்கடுத்த வாரம் என்பாள்.

“நம்ம மாடியில வெயில் நல்லா இருக்குல்ல, அதான் போல. சரிங்க, இனிமே மண்ணு வேணாம். தண்ணி மட்டும் பாத்து ஊத்துங்க,” என்றாள். பிறகு அக்காவுக்கு வாங்கிய புதுச் செருப்பைப் பற்றிச் சொன்னாள்.

அவளுக்கு ஞாபகமே இல்லை. போனை வைத்துவிட்டு, இருட்டுகிற வரைக்கும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சோறு தட்டில் காய்ந்து கிடந்தது.

*

பத்து நாளில் இலை நுனி மஞ்சளாயிற்று. வெயில் போதவில்லை என்று வலையை விலக்கினார். இன்னும் மஞ்சளாயிற்று. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றினார். போனில் “எப்படி இருக்கு?” என்று அவள் கேட்கும்போதெல்லாம் “இருக்கு” என்றார். அது பொய்யில்லையே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

துணி காயப்போட வந்த சிஸ்டர்தான் மூக்கைச் சுளித்தார்.

“என்னண்ணே இது, புண்ணு அழுகின மாதிரி வாடை? இந்த வாடையை மோந்தே எனக்கு இருபது வருஷ சர்வீஸு. எங்கிட்ட மறைக்க முடியாது.”

சொல்லிக்கொண்டே ஒரு தண்டைப் பிடித்து லேசாக இழுத்தார். அது எந்தப் பிடிப்பும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடி பழுப்பாக, கொழகொழவென்று இருந்தது.

“அச்சச்சோ! பையைக் கழுத்து வரைக்கும் ரொப்பி வெச்சிருக்கீங்களே, மூச்சு முட்டிப் போயிருக்கு. உங்க வீட்டு அக்கா இப்படியா சொல்லிட்டுப் போனாங்க? எனக்கே நூறு தடவை சொல்லியிருக்காங்க, ரெண்டு விரல் ரெண்டு விரல்னு.”

“தெரியாமப் போட்டுட்டேன் சிஸ்டர்.”

“நீங்களா? ஒரு நட்டை முடுக்கறதுக்கு முக்கால் மணி நேரம் யோசிக்கிற ஆளு நீங்க!” சிஸ்டர் அவர் முகத்தைப் பார்த்தார். பேச்சின் தொனி மாறிற்று. “அக்காவுக்குப் போன் பண்ணுங்கண்ணே. சிலது பிழைக்கும். இன்னைக்கே பண்ணுங்க.”

ஆறு பை போய்விட்டிருந்தது. ஐந்தில் தண்டு இன்னும் பிடிப்போடு நின்றது. மெக்கானிக் பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்தார். மணி பதினொன்று. அவராக அவளுக்குப் போன் செய்ததே கிடையாது. நம்பரைத் தேடி எடுக்கவே நேரமாயிற்று.

“என்னங்க? என்ன ஆச்சு? உடம்புக்கு ஏதாவதா?” அவள் பதறினாள். பின்னால் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம்.

“எனக்கு ஒண்ணுமில்ல. இஞ்சி அழுகிப் போச்சு.”

“எப்படி?”

“ரெண்டு மடிப்பையும் ஒரே நாள்ல பிரிச்சேன். விரல் எட்டிப் பாக்கலை. நல்ல வளர்ச்சின்னு சொன்னது பொய்.”

“ஐயோ, ஏங்க? எதுக்குங்க அப்படிப் பண்ணீங்க?”

சொல்வதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று நெஞ்சில் உட்கார்ந்திருந்ததே! தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“நாலாவது மடிப்பு பிரியறதுக்குள்ள வந்துடுவேன்னு சொன்னே. சீக்கிரம் பிரிச்சா சீக்கிரம் வருவேன்னு நெனச்சேன்.”

ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. யாரோ “அக்கா, இன்னும் ரெண்டு செட்” என்றார்கள். அவள் அவர்களை இருக்கச் சொன்னாள்.

“நான் அது சும்மா சொன்னேங்க,” என்றாள் மெதுவாக. “நீங்க மாடிக்குப் போகணுமேன்னு சொன்னேன். இல்லைன்னா பட்டறையும் வீடுமா அடைஞ்சு கெடப்பீங்களேன்னு. அதைப் போய்ப் பிடிச்சு வெச்சிருக்கீங்களே!”

“ம்.”

“முப்பத்தோரு வருஷத்துல நீங்க என்னை வான்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல. போன்னும் சொன்னதில்ல. இருந்தா இருக்கா, போனா போறான்னு... உண்மையைச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எனக்கு இங்க பிடிச்சிருக்கு. பேசினா பதில் வருது. அங்க வந்தா நான் மறுபடி பாத்திரத்தோடதான பேசணும்?”

மெக்கானிக் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

“வா,” என்றார்.

அந்தப் பக்கம் யாரோ பேப்பரைப் புரட்டினார்கள்.

“வா. நான் பேசறேன்.”

“என்ன பேசுவீங்க?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

“இஞ்சியைப் பத்தி.”

அவள் சிரித்தாளா, அழுதாளா என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பழைய அதட்டல் குரல் வந்தது. “சரி, எழுந்திருங்க. அழுகின பையைத் தனியாத் தூக்கி வைங்க. அந்த மண்ணை மறுபடி டிரம்முல போட்டுடாதீங்க, எல்லாம் கெட்டுப்போகும். மிச்சம் எத்தனை?”

“அஞ்சு.”

“கரண்டி கிரண்டி வேணாம். கையால மண்ணை எடுங்க, பொறுமையா. பழைய மட்டம் தெரியும் பாருங்க, தண்டுல நிறம் மாறியிருக்கும். அது வரைக்கும் எடுங்க. போனை வெக்காதீங்க, நான் இருக்கேன்.”

அவர் போனைத் தொட்டிச் சுவரின் மேல் சாய்த்து வைத்துவிட்டு மண்ணுக்குள் கையை விட்டார். மேல்மண் ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. விரலால் நோண்டி நோண்டி எடுத்தார். கடைக்கு வந்தவர்களுக்கு அவள் பேப்பர் எண்ணிக் கொடுக்கிறது போனில் கேட்டது. ஒவ்வொரு பையும் முடியும்போது “ஆச்சு” என்பார். “ம்” என்பாள் அவள். முப்பத்தோரு வருடமாக அவர் சொன்ன ம்-மெல்லாம் அன்றைக்கு அவருக்குத் திரும்பி வந்தது. மூன்றாவது பையில், மண்ணுக்குள் புதைந்துகிடந்த குருத்து ஒன்று வெளுத்துப்போய், வளைந்து, ஆனால் உயிரோடு இருந்தது.

“ஒண்ணு இருக்கு!” என்று கத்தினார்.

“இருக்கா? உடையாமப் பாத்துங்க.”

ஐந்து பையிலும் மண் இறங்கியது. பழையபடி இரண்டு மடிப்பை மடித்து இறக்கினார். அவள் மடித்த மாதிரி ஒழுங்காக வரவில்லை.

“அக்காவை விட்டுட்டு இப்ப வர முடியாதுங்க. அவ கையைக் காலை ஊணி நடக்கட்டும். ஆனா நாலாவது மடிப்பு பிரியறப்ப வரேன். இந்தத் தடவை சும்மா சொல்லலை. நீங்க மட்டும் ஏமாத்தக் கூடாது.”

“மாட்டேன்.”

*

காலியான ஆறு பைகளையும் கழுவிக் காயவைத்து மடித்து வைத்தார். மீதி ஐந்தும் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யாமல் கோபித்துக்கொண்ட மாதிரி நின்றன. பிறகு மூன்றாவது பைக்காரன் ஒரு புது இலை விட்டான். போனில் அவர் அதைச் சொன்னார். டெய்லரம்மா மறுபடியும் திருகை முறுக்கிக்கொண்டு வந்ததைச் சொன்னார். சிஸ்டர் டியூட்டி முடிந்து நின்றபடியே தூங்கியதைச் சொன்னார். சொல்லச் சொல்லத் திக்கித் திணறியது. நடுவில் பேச்சு தீர்ந்துபோய் இரண்டு பேரும் சும்மா இருப்பார்கள். போனை வைத்தபிறகு வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. பேசிப் பழகினால் பேசாத நேரம் இன்னும் கனமாகிவிடுகிறது. இது அவருக்குப் புதிது.

ஒரு நல்ல மழை பெய்து மண் மறுபடி ஒரு விரல் இறங்கிற்று. சரிக்கட்டினார். மடிப்பைத் தொடவில்லை. அது கணக்கில் வராது என்று அவருக்கு இப்போது தெரியும்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மாடியில் இருக்கும்போதே போன் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“எத்தனை மடிப்பு இருக்கு?”

“ரெண்டு.”

“போன வாரமும் ரெண்டுதான் சொன்னீங்க.”

“இந்த வாரமும் ரெண்டுதான்.”

“அக்கா இன்னைக்கு வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் போயிட்டா.” பின்னால் சிரிப்புச் சத்தம் எதுவும் இல்லை. கடையும் மூடியிருக்க வேண்டும். “கடைக்கு ஒரு பொண்ணைப் பேசி வெச்சிருக்கா.”

“நல்லதாப் போச்சு.”

“விரல் ஏதாவது தெரியுதா, பாத்தீங்களா? நல்லாக் குனிஞ்சு பாத்தீங்களா?”

“இப்பத்தான் பாத்தேன். தெரியலை.”

சின்னக் குழந்தை மிட்டாய் கேட்கிற மாதிரி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

“ஏங்க, ஒண்ணே ஒண்ணைப் பிரிச்சுவிட்டா என்னவாம்?”

இந்த ஒரு வார்த்தைக்காக அவர் எத்தனை மாதம் காத்திருந்தார்! பிரித்துவிட்டேன் வா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. டிரம்மின் மூடி திறந்துதான் இருந்தது. கையை உள்ளே விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்துங்கூட விட்டார். எடுத்தவர், மூன்றாவது பையின் புது இலையைப் பார்த்தார்.

“பிரிக்கலாம்,” என்றார். “அழுகிடும்.”

“ம்,” என்றாள் அவள்.

“அது கேக்கட்டும். கேட்ட அன்னைக்கே சொல்றேன்.”

“நாளைக்கும் கேப்பேன்.”

“கேளு.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையிலிருந்த மண்ணைத் திரும்ப டிரம்மிலேயே போட்டு, மூடியை அழுத்தி மூடிவிட்டு, தனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ போடக் கீழே இறங்கிப் போனார்.